இடதுகால் குட்டையான விலங்கு

ஆட்டு இரைப்பைக்குள் அடைத்து வேகவைக்கிற ஹாகிஸ் என்ற எங்கள் நாட்டுப் பண்டத்தை உயிருள்ள விலங்கு என்றும், அதற்கு இடதுகால்கள் குட்டை, வலதுகால்கள் நெட்டை என்றும் முதன்முதலில் சொன்னது யாரென்று எங்களூரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதைச் சிரிக்காமல் சொல்லத் தெரிந்தவள் மர்டினா மெக்ரே ஒருத்திதான். மற்றவர்களுக்கு உதட்டோரம் துடித்துவிடும், இல்லையென்றால் கண் வேறு பக்கம் ஓடிவிடும். மர்டினா சொல்லும்போது பார்த்தால் யாரோ செத்த செய்தி சொல்கிறாள் என்றுதான் தோன்றும்.

நானும் அவளும் ஏரிக்கரை விடுதியில் வேலை பார்த்தோம். அவள் அடுக்களையில், நான் பரிமாறும் இடத்தில். என் பெயர் வில்மா. எனக்கு வெளியூர்க்காரர்களைக் கண்டால் எரிச்சல். கோடையில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள், சூப் ஆறிவிட்டது என்பார்கள், மழை எப்போது நிற்கும் என்று என்னைக் கேட்பார்கள். மர்டினாவுக்கு அவர்களைப் பிடிக்கும். தட்டில் மசித்த உருளைக்கிழங்குக்கும் டர்னிப் கிழங்குக்கும் நடுவே கறுப்பாக உட்கார்ந்திருக்கும் ஹாகிஸைப் பார்த்து எவராவது முகம் சுளித்தால் போதும், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

"இன்னைக்குக் காலைலதாங்க பிடிச்சோம்" என்பாள். அடுப்புக் கம்பியில் சுட்டுக்கொண்ட தழும்பைக் காட்டி, "பாருங்க, கடிச்சு வெச்சிருக்கு."

"அப்ப இது மிருகமா?" என்பார்கள்.

"பின்ன, மரத்துலயா காய்க்குது?"

அதன் பிறகு முழுக்கதையும் வரும். அது மலைச்சரிவில் வாழ்கிற விலங்கு. இடப்பக்கக் கால்கள் குட்டையாக இருப்பதால் மலையைச் சுற்றி ஒரே திசையில்தான் ஓட முடியும். நாம் எதிரே போய் நின்றால் பயந்து திரும்பும். திரும்பினால் நெட்டைக்கால் மேட்டுப் பக்கமும் குட்டைக்கால் பள்ளத்துப் பக்கமும் ஆகிவிடும், பாவம், அப்படியே சாய்ந்து அடிவாரம் வரை உருண்டு போகும். கீழே ஒருவர் சாக்கோடு நின்றால் வேலை முடிந்தது. இது எல்லா ஊரிலும் சொல்லுகிற கதை. மர்டினா அதற்கு மேல் தன் கைச்சரக்கைக் கொஞ்சம் சேர்த்திருந்தாள்.

அவள் அக்கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அவள் அப்பா படகைத் துறையிலிருந்து எடுத்தால் சூரியன் போகிற பக்கமாக, வலமாகத்தான் திருப்புவார். சவப்பெட்டியை இடுகாட்டுக்குள் கொண்டுபோனாலும் வலமாகத்தான் போக வேண்டும். இடமாகச் சுற்றுவது ஆகாது, அது கேட்டைக் கூட்டிவரும் வழி. எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் அந்தப் பயம் உண்டு, கேட்டால் இல்லையென்போம். மர்டினா இதை எடுத்து ஹாகிஸின் தலையில் கட்டினாள். எங்கள் மலையில் இருப்பது இடஞ்சுழியாக ஓடுவது. எப்போதும் ஜோடியாக இருக்கும். ஒன்றைப் பிடித்தால் மற்றது தேடிக்கொண்டு வரும். வந்து வீட்டை மூன்று சுற்று இடமாகச் சுற்றிவிட்டால் அந்த வீட்டில் ஓர் ஆள் குறையும்.

"அதனாலதான் இந்தப் பக்கத்து ஜன்னலையெல்லாம் சாயங்காலமே சாத்திடறோம்" என்று முடிப்பாள். உண்மையில் சாத்துவது கொசுவுக்காக. ஒரு தடவை ஒரு ஜெர்மன்காரி அன்று ராத்திரிக்கு மாடி அறை வேண்டுமென்று கேட்டு மாற்றிக்கொண்டாள்.

எங்களூரில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் ஹாகிஸ் பேச்சை ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். முகம் கலையக்கூடாது. கலைத்தவன் அன்று எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும்.

அதிகமாக வாங்கியவன் மர்டினாவின் புருஷன் ஃபார்க்கர். எஸ்டேட்டில் வேலி கட்டுகிறவன், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஆகையால் நான் அவனுக்கு மரியாதையெல்லாம் கொடுப்பதில்லை. ஆள் பெரிது, முகம் சிவப்பு. கதையில் அந்த விலங்கு திரும்புகிற இடம் வருவதற்குள் அவன் தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். உருளுகிற இடத்தில் வெடித்துவிடுவான். அதனால் கதையின் நடுவிலேயே மர்டினா, "ஃபார்க்கர், போய் விறகு எடுத்துட்டு வா" என்று வெளியே அனுப்பிவிடுவாள். அவன் வெளியே நின்று சிரிப்பது உள்ளே கேட்கும். காற்றுச் சத்தம் என்று நாங்கள் சொல்லுவோம்.

"எங்க வீட்டுல பொய் சொல்ற வாய் என்னுது, மெய் சொல்ற மூஞ்சி அவனுது" என்பாள் மர்டினா. "அவன் சிரிச்சா பொய். சிரிக்கலன்னா நிஜம். என்னைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னப்ப சிரிக்கல. அதான் சரின்னேன்."

குழந்தை இல்லை அவர்களுக்கு. ஏரியிலிருந்து மலைப்பக்கம் ஏறினால் கடைசி வீடு அவர்களுடையது. அவன் இரண்டு நாய் வளர்த்தான், அவள் அவற்றைத் திட்டிக்கொண்டே சோறு போட்டாள். சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் வசந்தகாலத்தில் தபால் வேன் ஓட்டுகிற டார்க்வில் மதுக்கடைக்குள் நுழைந்ததும் பெருமையாகச் சொன்னான். "இன்னைக்கு மர்டினா என்னை மடக்கப் பாத்தா. முடியல. வழியில அத எங்கயாவது பாத்தியான்னு கேட்டா. பாலத்துகிட்ட ஒண்ணு நின்னுச்சு, பன்னிக்குட்டி கணக்கா, உன் வீட்டுப் பக்கமாத்தான் போச்சுன்னேன். ஒரு பல்லு தெரியலயே என் வாயில."

எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். அடுத்த வாரம் மளிகைக்கடைக்காரி இதே மாதிரி சொன்னாள். அதற்கப்புறம் பாதிரியார் கூட, வேலியோரம் காலடி பார்த்ததாக மர்டினாவிடம் சொல்லிவிட்டு வந்து சிரித்தார். மர்டினா கேட்டபோதெல்லாம் பக்கத்தில் வெளியூர்க்காரர் ஒருவர்கூட இல்லை. அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. அவள் முகம் எப்போதும் போல இறுகி இருந்தது. அதுதான் அவள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

எனக்கு விஷயம் புரிந்தது அடுக்களையில். ஆட்டின் நுரையீரல், இதயம், ஈரல், ஓட்ஸ், வெங்காயம், மிளகு எல்லாம் சேர்த்து அவளே இரைப்பைக்குள் அடைத்துத் தைத்து, வெந்நீரில் போட்டிருந்தாள். கொதிக்க ஆரம்பித்ததும் நீள ஊசியால் அங்கங்கே குத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அவள் கை தன்னால் செய்கிற வேலை அது. நான் தட்டெடுக்கப் போனபோது ஊசியைப் பிடித்தபடி அண்டா முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குத்தவில்லை.

"மர்டினா, வெடிக்கப்போகுது."

"இத எதுக்குப் பிடிச்சாங்க வில்மா?" என்றாள். "குட்டி போல இருக்கு. இதோட ஜோடி தேடுமே."

நான் சிரிக்கப்போனேன். கேட்க அங்கே வெளியூர்க்காரர் ஒருவரும் இல்லை. அண்டாவில் ஒன்று பிளந்து எல்லாம் தண்ணீரில் கலந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நான் அடுப்பை அணைத்தேன்.

அன்றே ஃபார்க்கரைத் தேடிப் போனேன். அவன் வேலிக் கம்பை நட்டுக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்கும் முன்பே, "தெரியும்" என்றான்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"குளிர்காலத்துலேந்து. நர்சம்மா பாத்துட்டுப் போனாங்க. மறதி இன்னும் கூடுமாம். சாயங்காலம் ஆனா ஜன்னல்கிட்டப் போய் நிக்கிறா. வீட்டச் சுத்தி வருதுங்கறா."

"நீ என்ன பண்ற?"

"சிரிக்கிறேன். திரும்பி என் மூஞ்சியப் பாக்கிறா. ஓ, பொய்யான்னு சொல்லிட்டு வந்து சாப்பிட உக்காந்துடறா. மருந்துக்குக் கேக்காதது இதுக்குக் கேக்குது."

"உனக்குச் சிரிப்பு வருதா?"

"வரல. வரவெச்சுக்கறேன்" என்றான். சம்மட்டியை எடுத்துக் கம்பின் தலையில் அடித்தான். "அது ஒண்ணுதான் வில்மா எங்கிட்ட இருக்கு."

நான் மதுக்கடைக்குப் போய் இருந்தவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாதிரியாரையும் விடவில்லை. இனிமேல் அவள் கேட்டால் இல்லை, பார்க்கவில்லை, அப்படி ஒன்று கிடையாது என்று சொல்ல வேண்டும் என்றேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்கள். சொன்னபடியே செய்தார்கள். அது வேறு விதமாகப் போயிற்று.

"எல்லாரும் எதையோ மறைக்கிறாங்கடி" என்றாள் மர்டினா ஒரு நாள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "வசந்தத்துல பாலத்துகிட்ட நின்னுச்சுன்னான் டார்க்வில். இப்ப அப்படி ஒண்ணே இல்லங்கறான். பாதிரியாரும் அப்படித்தான். என்னைப் பயமுறுத்தக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்காங்க. அப்ப ரொம்பக் கிட்ட வந்துடுச்சுன்னுதான அர்த்தம்?"

அவள் சொன்னதில் பேசி வைத்திருந்தோம் என்பது உண்மை. ஃபார்க்கரிடம் கேள் என்றேன். கேட்டாள், அவன் சிரித்தான், அன்றைக்கு அடங்கினாள்.

இலையுதிர்காலம் வந்தது. பஸ்கள் குறைந்தன. விடுதி முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார், அவரையும் குறை சொல்ல முடியாது. போகும்போது அந்த ஊசியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மான்கள் மலையில் கத்த ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு கத்தலுக்கும் அவள் நிமிர்ந்து பார்ப்பாளாம். ஒரு சுற்று ஆகிவிட்டது என்று ஒரு நாள் சொன்னாள். சில நாள் கழித்து, இரண்டாவதும் ஆகிவிட்டது என்றாள். குறையப்போகிற ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

அக்டோபரில் ஒரு மதியம் ஃபார்க்கர் தொப்பியில்லாமல் விடுதிக்குள் ஓடிவந்தான். வேலி வேலையிலிருந்து திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் கெட்டில் வற்றிக் கருகுகிறது, நாய்கள் இருக்கின்றன, மர்டினா இல்லை. மீட்புக்குழுவுக்குப் போன் செய்தோம். டவுனிலிருந்து வர நேரமாகும். மலையில் பாதிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. இப்படி மறதி வந்தவர்கள் இறக்கத்தில்தான் போவார்கள் என்று நர்ஸ் சொன்னாள். டார்க்வில்லும் மற்றவர்களும் ஏரிக்கரைக்கு ஓடினார்கள்.

ஃபார்க்கர் நகரவில்லை. "அவ மேலதான் போயிருப்பா" என்றான். "மூணாவது சுத்துக்கு முன்னாடி அத மறிக்கப் போயிருப்பா. எதிர்ல போய் நின்னாத்தான திரும்பும்? அது இடமா வருது. அப்ப இவ வலமாப் போயிருப்பா."

அவன் சொன்னது அத்தனையும் மர்டினா கட்டிய கதை. அதை வைத்து வழி சொல்கிறான். ஆனால் எனக்கும் அது சரியென்று பட்டது. நானும் கிளம்பினேன். பாதை மலையை இடமாகச் சுற்றிப் போகிறது. நாங்கள் பாதையை விட்டுவிட்டு, மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, புதரிலும் சேற்றிலும் ஏறினோம். எங்கள் மலைக்கு வரைபடத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு, நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அதன் பின்பக்கம் மோசமானது. புல் இருப்பது போலவே இருக்கும், அடுத்த அடியில் ஒன்றுமிருக்காது. ஆடுகள் விழுகின்றன என்று ஃபார்க்கரே அங்கே வேலி போட்டிருந்தான்.

மேகத்துக்குள் போன பிறகு அவன் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு வேலி தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மர்டினா நின்றாள். வீட்டுச் செருப்பு, மெல்லிய ஸ்வெட்டர், கையில் அந்த நீள ஊசி. அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளை.

"அங்கயே நில்லு ஃபார்க்கர்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "அது நமக்கு நடுவுலதான் இருக்கு. சத்தம் போடாத."

ஃபார்க்கர் நின்றான். நான் அவனுக்குப் பின்னால் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மர்டினா, ஒண்ணுமில்ல. வா."

"ரெண்டு சுத்து ஆயிடுச்சு. இத விட்டா இன்னைக்கு நீ போயிடுவ. நான் விடமாட்டேன்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வழக்கம் போல, அதில் எழுதியிருப்பதைப் படிப்பதற்காகப் பார்த்தாள். சிரித்துவிடு, சிரித்துவிடு என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவன் வாயைத் திறந்தான். வந்தது சிரிப்பில்லை, இருமல் போல ஒரு சத்தம். மறுபடி முயன்றான். அவன் கண் அவள் குதிகாலுக்குப் பின்னால் இருந்த வெள்ளையிலேயே நின்றது. எந்த மனுஷனுக்கு அங்கே சிரிப்பு வரும்?

"பாத்தியா" என்றாள் மர்டினா. "உனக்கே வரல." பின்னால் ஓர் அடி வைத்தாள். ஒரு சிறு கல் அவள் செருப்பில் பட்டுப் போயிற்று. அது எங்கேயும் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஃபார்க்கர் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு பேசினான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. "ஆமா. எனக்கும் தெரியுது. பெருசுதான். நீ அசையாத. நான் சுத்திக்கிட்டு அதுக்கு எதிர்ல போறேன்."

"வலமாப் போ."

"வலமாத்தான் போறேன்."

பாறைக்குப் பின்னால் போய் மேகத்தில் மறைந்தான். நானும் அவளும் மட்டும் நின்றோம். அப்புறம் அவன் குரல் கேட்டது, மாடு விரட்டுகிற மாதிரி, ஏய் ஏய் என்று. பெரிய கல் ஒன்று கிளம்புகிற சத்தம். அது உருண்டது, மோதியது, மறுபடி உருண்டது, வெகு கீழே போய் அடங்கியது. மர்டினா தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டாள்.

ஃபார்க்கர் திரும்பி வந்தான். முழங்கை வரை சேறு. வேலியருகே நின்று அவளைப் பார்த்தான்.

"திரும்பிச்சு" என்றான். "காலு நிக்கல. உருண்டு போயிடுச்சு. செத்துப்போச்சு மர்டினா."

அவன் இத்தனை வருஷமாக வெடித்துச் சிரித்த இடம் அதுதான். அவள் அவன் முகத்தை நெடுநேரம் தேடினாள். நானும் பார்த்தேன், பள்ளிக்கூடத்து நாளிலிருந்து தெரிந்த முகம். உதடு துடிக்கவில்லை. கண் விலகவில்லை. எங்களூரில் அவளைத் தவிர வேறு யாரும் அப்படி முகத்தை வைத்திருந்து நான் கண்டதில்லை.

"நிஜமாத்தான்" என்றாள். விளிம்பை விட்டு நடந்து வந்தாள். கம்பிக்கு அடியில் குனிந்தபோது அவன் அவள் கையைப் பற்றிக்கொண்டான். வீடு வந்து சேரும் வரை அதை விடவில்லை.

அடிவாரத்தில் டார்க்வில் கம்பளியோடு நின்றிருந்தான். "ஃபார்க்கர் அதக் கொன்னுட்டான்" என்று அவனிடம் சொன்னாள் மர்டினா, அத்தனை பெருமையாக. டார்க்வில் ஃபார்க்கரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை அவள் தோளில் போர்த்தினான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது, வேன் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் அவர்கள் வீட்டிலேயே தங்கி, சூப் வைத்துக் கொடுத்தேன். அவள் கால்களை வெந்நீரில் ஊறவைத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள், பழைய மர்டினா போல உப்புக் குறை என்றுகூடச் சொன்னாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். வெளிச்சம் மங்கியது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கொண்டியைப் போட்டாள்.

ஃபார்க்கர் சிரித்தான். இந்தத் தடவை நன்றாகவே வந்தது, தோள் குலுங்க, முகம் சிவக்க, மதுக்கடையில் சிரிப்பது போல. அவள் திரும்பவே இல்லை.

"சிரிக்காத" என்றாள். "இத்தனை நாளா நீ சிரிச்சத நம்பினேன். என்னைச் சமாதானப்படுத்தச் சிரிச்சிருக்க. மலைல நீ சிரிக்கல, அங்கதான் எனக்குப் புரிஞ்சுது. அது எப்பவும் இருந்திருக்கு." கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தாள். "ஜோடி இருக்கும்ல ஃபார்க்கர். கொன்னவனத் தேடி வரும்."

அவன் சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். அவன் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டான்.

"நான் போய் வலமா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்றான் அவளிடம், முகம் கலையாமல். "வந்தா எதிர்ல பாத்துடறேன்."

"பாத்துப் போ" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் போகிறான். மழையானாலும் பனியானாலும் போகிறான். நான் சில நாள் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பேன். அவன் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது அவள் கையை உயர்த்துவாள், அவனும் உயர்த்துவான், அடுத்த மூலையில் மறைவான். அவன் மறுபடி தெரியும் வரை அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்காது.

விடுதியில் பஸ்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தட்டில் இருப்பது என்னவென்று யாராவது கேட்டால், ஆட்டு ஈரல், ஓட்ஸ், வெங்காயம் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுகிறேன்.